இரத்மலானை வானூர்திக் கூடமும் இணுவிற் பதுங்குகுழியும்

நூல்களையும் நாடகங்களையும் விமர்சன நோக்கோடு அணுகப் பழகிய நாம், காட்சிசாலைகளை அவ்வாறு அணுகுவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. கதாசிரியன் கற்பனையில் எதையும் எழுதலாம்; அலுமினியத்தாலும் உருக்காலும் ஆன விமானமொன்று கண்முன்னே நிற்கையில் கற்பனைக்கு இடமேது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கதாசிரியன் தெரிந்தெடுப்பது போலவே காட்சிசாலையை அமைப்போரும் தெரிந்தெடுக்கின்றனர். கதைக்கு ஒரு பார்வைக் கோணம் இருப்பது போலக் காட்சிசாலைக்கும் ஒன்று உண்டு. ஆகவே, கதை எவர் கண்ணால் சொல்லப்படுகிறது என்று கேட்கும் உரிமை காட்சிசாலையின் முன்னும் நமக்கு உண்டு.

இரத்மலானையில் உள்ள இலங்கை விமானப்படைக் காட்சிசாலை இந்தக் கேள்வியை வேண்டி நிற்கும் ஓர் இடம். பழைய விமானங்களைப் பேணிக் காப்பதற்கென 1993ஆம் ஆண்டில் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்ட இது, 2009 நவம்பர் 5ஆம் திகதி காட்சிசாலையாக மீளத் திறக்கப்பட்டது. திகதியைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்தது அவ்வாண்டு மே மாதத்தில். வன்னியிலிருந்து வந்த மக்கள் பல்லாயிரக் கணக்கில் நவம்பரிலும் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தனர். மனிதர்கள் வீடு திரும்பும் முன்பே விமானங்கள் காட்சிக்கு வந்துவிட்டன.

இன்று வடக்கிலிருந்து தெற்கே கல்விச் சுற்றுலா செல்லும் பாடசாலைகள் பல. 2009க்குப் பின்னர் பிறந்த நமது பிள்ளைகளுக்கு விமானம் என்பது வெளிநாட்டு மாமா வந்திறங்கும் வாகனம். அவ்வாறு இருப்பது நல்லதே. ஆயினும், அப்பிள்ளைகள் இந்தக் கூடத்தினுள் நுழைந்து வெளியே வரும்போது எதை அறிந்து வருகின்றனர், எதை அறியாது வருகின்றனர் என்பது ஆசிரியர்களாகிய நாம் அலட்சியம் செய்யக்கூடிய விஷயமன்று.

நாம் அங்கே சென்ற நாள் அடைமழை பெய்த நாள். வெளியே திறந்த வெளியில் நிறுத்தப்பட்டிருந்த விமானங்களின் சிறகு விளிம்புகளிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கூடத்தின் கூரையில் மழை அறைந்த ஓசையில், விளக்கம் சொல்லி வந்தவரின் குரல் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. உள்ளே ஒரு பாடசாலைப் பிள்ளைகள் கூட்டம். "சேர், இது எவ்வளவு வேகத்தில் போகும்?" என்று ஒரு சிறுவன் தன் ஆசிரியரைக் கேட்டான். ஆசிரியர் பலகையைப் பார்த்து விடை சொன்னார். அந்தப் பிள்ளை மகிழ்ந்தான். நல்ல கேள்வி, சரியான விடை. ஆனால் அதோடு உரையாடல் முடிந்துபோயிற்று. அதற்கு மேலே கேட்பதற்கு அந்தப் பலகை வழி வைக்கவில்லை.

இணுவிலிலோ கோண்டாவிலிலோ 1980களிலும் 1990களிலும் வாழ்ந்தவர்களுக்கு மழைக்கும் விமானத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டு. முகில் கவிந்த நாளில் பொம்பர் வராது என்பது அன்றைய ஊர் வழக்கு. வானம் மூடிக் கிடந்தால் தாய்மார் சற்று ஆறுதலாக அடுப்பை மூட்டினர். வெயிலைத் தேடும் புகையிலைத் தோட்டக்காரன் கூட முகிலை வேண்டி நின்ற காலம் அது. ஆனால் அந்த மழையே பதுங்குகுழியையும் நிரப்பியது. செம்மண்ணை வெட்டி, பனங்குற்றியும் தென்னங்குற்றியும் பரப்பி, மண்மூட்டை அடுக்கிச் செய்த கிடங்குக்குள் மாரி காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பாம்பும் பூரானும் அங்கே தஞ்சம் புகுந்தன. மழை விட்டு வெயில் எறித்தால் அந்தத் தண்ணீருக்குள்தான் பிள்ளைகளோடு இறங்க வேண்டும். மழையைக் குறித்த இந்த அறிவு எந்த விமானியிடமும் இல்லை. தரையில் இருந்தவர்களிடம் மட்டுமே இருந்தது. இரத்மலானைக் கூடத்தில் குறைவது இந்த அறிவே. அங்கே வானத்திலிருந்து பார்த்த போர் உண்டு. தரையிலிருந்து பார்த்த போர் இல்லை.

மொழியில் அக்கறை உள்ளவர்கள் முதலில் பெயர்களை நோக்க வேண்டும். 1951இல் நிறுவப்பட்ட அன்றைய அரச இலங்கை விமானப்படை பிரித்தானியரிடமிருந்து பெற்ற விமானங்களின் பெயர்கள் ஒரு பூங்காவை நினைவூட்டும். சிப்மங்க் என்பது ஓர் அணில். டிராகன்பிளை என்ற ஹெலிகொப்டர் தும்பி. டோவ் புறா. ஹெரன் நாரை. பின்னாளில், 1993இல், ஆர்ஜென்டீனாவிலிருந்து வாங்கிய விமானத்தின் பெயர் புக்காரா. அது அந்தீஸ் மலை நாட்டின் பூர்வகுடி மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளக் கட்டிய கற்கோட்டைகளின் பெயர். தன்னைக் காப்பதற்கு மலையுச்சியில் கல் அடுக்கிய எளிய மக்களின் சொல், வேறொரு மண்ணில் எளிய மக்களின் தலைக்கு மேலே வட்டமிட்ட யந்திரத்துக்குச் சூட்டப்பட்டது. இஸ்ரேலிடமிருந்து 1996இல் வந்த கிபிர், எபிரேய மொழியில் சிங்கக் குட்டி. உணவுப் பொதி போடுவதற்கென்று 1987 யூன் 4ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கு மேலே இந்திய விமானங்கள் பறந்த நடவடிக்கைக்குப் பெயர் பூமாலை. அதே ஆண்டு ஒக்டோபரில் அதே நாட்டின் ஹெலிகொப்டர்கள் நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் படையினரை இறக்கின.

இவற்றுக்கு எதிராக மக்கள் தாமே ஒரு சொல்லகராதியைச் சமைத்துக்கொண்டனர். குண்டு போடுவது பொம்பர். சியாய் மார்க்கெட்டி என்ற இத்தாலிய விமானம் வாயில் நுழைய மறுத்தபோது அது சியாமாசெட்டி ஆயிற்று. பெருத்த ஓசையோடு மெல்ல ஊர்ந்து வந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிய விமானம் சகடை. ஆளில்லா வேவு விமானம் வண்டு. விற்பனைக்காரன் இட்ட பெயர் யந்திரத்தை அழகுபடுத்தியது. மக்கள் இட்ட பெயர் அதன் ஓசையையும் செயலையும் குறித்தது. எந்தப் பண்டிதரும் இச்சொற்களைத் தொகுக்கவில்லை. பதுங்குகுழிக்குள் பிறந்த சொற்கள் அவை. அங்கே கூடத்தில் முதல் வகைப் பெயர்கள் மட்டுமே பலகையேறி நிற்கின்றன. இரண்டாவது அகராதி பாட்டிமாரோடு மறைந்துகொண்டிருக்கிறது.

அடுத்து நோக்க வேண்டியது, இந்த யந்திரங்கள் வந்த வழி. பிரித்தானியா, சோவியத் யூனியன், சீனா, இத்தாலி, அமெரிக்கா, ஆர்ஜென்டீனா என்று ஒரு சிறு தீவின் விமானப்படை ஆயுதம் வாங்கிய நாடுகளை எண்ணினால் உலக ஆயுதச் சந்தையின் படம் கண்முன் விரியும். தம்முள் பகைத்த வல்லரசுகள் இங்கே ஒரே வாடிக்கையாளனுக்கு விற்றன. இந்தச் சந்தையில் கொள்ளும் விலையும் கொடுத்த விலையும் மக்களுக்குச் சொல்லப்படுவதில்லை. உக்ரேனிலிருந்து மிக் விமானங்கள் வாங்கியதில் முறைகேடு நடந்ததென 2007இல் எழுதிய பத்திரிகைகளுள் ஒன்றின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க. அவர் 2009 சனவரி 8ஆம் திகதி வேலைக்குச் செல்லும் வழியில், இரத்மலானைக்கு அண்மையில் அத்திடியவில் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. விமானத்தின் வேகத்தைச் சொல்லும் பலகை அதன் விலையையும் சொல்ல வேண்டும் என்று கேட்பது மிகையாகுமா?

இடதுசாரிகளாகிய நாம் இன்னும் ஓர் இடத்தில் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டும். காட்சியில் உள்ள ஜெட் புரோவோஸ்ட் விமானங்களும் மிக் விமானங்களும் நம்மைத் தமிழர் பிரதேசத்துக்கு இட்டுச் செல்வதற்கு முன், தென்னிலங்கைக் கிராமங்களுக்கு இட்டுச் செல்கின்றன. 1959இல் வாங்கப்பட்டு, பின்னர் பயனின்றிக் களஞ்சியத்தில் கிடந்த ஜெட் புரோவோஸ்ட்கள் 1971 ஏப்ரலில் அவசரமாகத் தூசு தட்டி எடுக்கப்பட்டன. அவை எவர் மீது பறந்தன? வேலையற்ற, படித்த, சிங்கள விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் மீது. அதே ஆண்டில் மிக் விமானங்களையும் கமோவ் ஹெலிகொப்டர்களையும் அனுப்பியது சோவியத் யூனியன். அன்று ஆட்சியில் இருந்த கூட்டரசாங்கத்தில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மாண்டனர். கிளர்ச்சியின் அரசியல் எவ்வளவு குறைபாடு உடையதாயினும், சொந்த நாட்டின் குடிமக்கள் மீது வானிலிருந்து ஆயுதம் பயன்படுத்தலாம் என்ற நியாயம் அந்த ஏப்ரலில் நிலைபெற்றது. அந்த நியாயம் தெற்கில் பிறந்து வடக்கே வளர்ந்தது. கம்பஹாவின் தாயும் நவாலியின் தாயும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களில் நிற்கின்றனர் என்பதை இந்தக் கூடம் நேர்மையாகக் காட்டியிருந்தால், இனங்களுக்கிடையே அதைவிடச் சிறந்த பாலம் வேறில்லை.

நவாலி, இணுவிலிலிருந்து மானிப்பாய் வழியே சில மைல் தொலைவு. 1995 யூலை 9ஆம் திகதி, இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி ஊர் ஊராக நடந்து வந்த மக்கள் அங்கே புனித பேதுரு பாவுலு ஆலயத்திலும் அயலிலும் களைத்துப்போய் அமர்ந்திருந்தபோது விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். செஞ்சிலுவைக் குழு இதை உலகறியச் சொன்னது. அவ்வாண்டு செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது குண்டு வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் மாண்டனர். அதே வாரத்தில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. பிள்ளைகள் இறந்த செய்தியும் பிள்ளைகளோடு புதைக்கப்பட்டது. இந்த இரு திகதிகளும் நமது பிள்ளைகளின் பாடநூலில் இல்லை. விமானங்கள் நிற்கும் கூடத்திலும் நாம் அவற்றைக் காணவில்லை.

இங்கே ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது எழுத்துக்கு அறமாகாது. இரத்மலானைக்கும் நமது பலாலிக்கும் உள்ள உறவு பழையது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குச் சென்றது. உலக யுத்தத்தின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை, யுத்தம் முடிந்து இரண்டே ஆண்டுகளில் சாதாரண மக்களைச் சுமந்தது. அதே வழியில், 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் பயணிகள் விமானம் வந்து சேரவே இல்லை. அதில் 55 பேர் இருந்தனர்; பயணிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர். புலிகளின் ஏவுகணையே அதை வீழ்த்தியதென விசாரணைகள் கூறின. 2013இல் இரணைதீவுக் கடலடியிலிருந்து சிதைவுகள் எடுக்கப்பட்டன. அவற்றோடு கிடைத்த உடைகள் 2014 சனவரியில் யாழ்ப்பாணத்தில் உறவினர் பார்வைக்கு வைக்கப்பட்டன. பதினைந்து ஆண்டுகள் உப்பு நீரில் கிடந்த சேலைத் துண்டையும் சட்டையையும் பார்த்துத் தம் மக்களை அடையாளம் காண வந்தோர் வரிசையில் நின்றனர்.

அதையும் ஒரு காட்சிசாலை என்றே நாம் கொள்கிறோம். இரத்மலானையில் யந்திரங்கள் உண்டு, மனிதர் இல்லை. யாழ்ப்பாணத்தில் அன்று மனிதரின் உடை இருந்தது, யந்திரம் இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் துணிவு நாட்டில் எவருக்கும் இன்னும் வரவில்லை. அரசின் குண்டைக் கண்டிக்கும் வாய், பயணிகள் விமானத்தை வீழ்த்திய ஏவுகணையைப் பற்றி மௌனம் சாதித்தால், அந்தக் கண்டனம் கட்சி வாதமாகச் சுருங்கிவிடும். 2009 பெப்ரவரி 20ஆம் திகதி கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தின் மீது வந்து வீழ்ந்த புலிகளின் விமானத்தை வீரமென்று கொண்டாடியவர்களும், இரத்மலானைக் கூடத்தின் பார்வைக் கோணத்திலிருந்தே உலகைப் பார்த்தனர். கீழே இருந்தவர் எவர் என்று அவர்களும் கேட்கவில்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஹிரோஷிமா மீது 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு வீசிய எனோலா கே என்ற விமானத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் ஐம்பதாம் ஆண்டில் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டது. குண்டுக்கு இரையானவர்களின் துயரையும் அதனோடு காட்ட வேண்டும் என்று வரலாற்றாசிரியர்கள் விரும்பினர். முன்னாள் படைவீரர் சங்கங்களும் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களும் கொதித்தெழுந்தனர். 1995 சனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. காட்சிசாலையின் பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விட் மே மாதத்தில் பதவி விலகினார். யூன் மாத இறுதியில் விமானத்தின் உடற்பகுதி மட்டும், இரையானவர்களின் கதை நீக்கப்பட்டு, காட்சிக்கு வந்தது. அடுத்த மாதம் நவாலியில் குண்டு வீழ்ந்தது. உலகின் செல்வம் மிகுந்த காட்சிசாலையே தரையின் கதையைச் சொல்ல அஞ்சிய அதே கோடையில், தரையில் இன்னொரு கதை எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் சான்று. அங்கே இராணுவத்தின் சொந்த வரலாற்றுக் காட்சிசாலை, கட்டடக் கலைஞர் டானியல் லிபஸ்கிண்டின் வடிவமைப்பில் 2011இல் மீளத் திறக்கப்பட்டது. பழைய ஆயுதச் சாலையின் செருக்கு மிகுந்த முகப்பை ஓர் உலோக ஆப்பு பிளந்துகொண்டு நிற்கிறது. மேல்மாடியில் மூன்று நகரங்களின் கற்கள் வைக்கப்பட்டுள்ளன. ஜெர்மனியர் குண்டு வீசிய போலந்து நாட்டு வியெலுன், அவர்களே அழித்த ரொட்டர்டாம், பின்னர் நேச நாடுகள் குண்டு வீசி எரித்த டிரெஸ்டன். தான் செய்த கொடுமையையும் தனக்குச் செய்யப்பட்ட கொடுமையையும் அருகருகே வைக்க ஒரு நாட்டின் இராணுவத்தாலேயே முடியும் என்பதற்கு இது போதிய சாட்சி.

நமது விமர்சனத்துக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழக்கூடும். விஞ்ஞானத்தைக் கற்க வரும் பிள்ளையிடம் அரசியல் பேசுவது எதற்கு என்பது ஒன்று. சிறகின் வளைவு எவ்வாறு உயர்ச்சியைத் தருகிறது, சுழலி எவ்வாறு இயங்குகிறது என்பவற்றைப் பிள்ளைகள் கற்கவே வேண்டும். தேய்ந்துபோன யந்திரங்களைப் பழுதுபார்த்துக் காத்த தொழிலாளரின் கைத்திறனையும் நாம் மதிக்கிறோம். ஆனால் விமானம் எப்படிப் பறக்கிறது என்று சொல்லி, எதற்காகப் பறந்தது என்பதை மறைப்பது விஞ்ஞானக் கல்வியாகாது. காரணத்தைச் சொல்லி விளைவை மறைக்கும் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?

மறப்போம், பழைய புண்ணைக் கிளறாதிருப்போம் என்பது மற்றது. நல்லெண்ணத்தோடு இதைச் சொல்வோரும் உளர். ஆயினும் மறதி எல்லோரிடமும் சமமாகக் கேட்கப்படவில்லை என்பதைக் காண வேண்டும். குண்டு போட்ட யந்திரத்துக்கு வர்ணம் பூசிக் கூரையிட்டுக் காவலும் வைக்கப்பட்டிருக்கிறது. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர் மட்டும் மறக்க வேண்டும் என்கிறார்கள். யந்திரம் நினைக்கப்படலாம், மனிதர் மறக்கப்பட வேண்டும் என்ற இந்தப் பங்கீட்டில் நல்லிணக்கம் பிறக்காது. அந்தப் படையிற் சேர்ந்து இறந்த சிங்கள இளைஞர்களும் பெரும்பாலும் வறிய வீடுகளின் பிள்ளைகளே. அவர்களுடைய தாய்மாரின் கண்ணீரையும் வேகக் கணக்குப் பலகை சொல்வதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது யாது? பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். அழைத்துச் செல்ல வேண்டும். ஆனால் கேள்விகளோடு அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு விமானத்தின் முன்னும் நான்கு கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும். இதைச் செய்தவர் எவர்? விற்றவர் எவர்? விலையைச் செலுத்தியவர் எவர்? இது பறந்தபோது கீழே இருந்தவர் எவர்? இந்த நான்காவது கேள்விக்கு விடை இரத்மலானையில் இல்லை. அது இணுவிலில், நவாலியில், நாகர்கோவிலில் இருக்கிறது. 1971இன் நினைவைச் சுமந்த தென்னிலங்கை ஊர்களிலும் இருக்கிறது.

அந்த விடையைத் திரட்டும் பணி நம்முடையது. விமானத்தைக் கண்டு ஓடிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களைக் கேட்டு, அவர்களது சொற்களிலேயே, திகதியோடும் இடத்தோடும் மாணவர்கள் எழுதிவைக்க வேண்டும். பொம்பரும் சகடையும் சியாமாசெட்டியும் அடங்கிய அந்த அகராதி தொகுக்கப்பட வேண்டும். தூர்ந்துபோன பதுங்குகுழிகளுள் ஒன்றையேனும் ஒரு பாடசாலை வளவில் மீளத் தோண்டி, பனங்குற்றி பரப்பி, பிள்ளைகள் இறங்கிப் பார்க்க வைக்க வேண்டும். இதற்கு அமைச்சின் ஆணையோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. ஒரு ஆசிரியரும், பத்து மாணவரும், சில மண்வெட்டிகளும் போதும். யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா வரும் தென்னிலங்கை மாணவர்கள் அதில் இறங்கி நின்று மேலே வானத்தைப் பார்க்கட்டும். நமது மாணவர்கள் தெற்கே சென்று 1971இல் மகனை இழந்த வீட்டாரின் கதையைக் கேட்கட்டும். பலாலி ஓடுபாதை 2019இல் மீண்டும் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. வானம் மறுபடி மக்களுடையதாக மாறத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், அதன் கீழே நடந்ததை எழுதிவைக்காமல் விடுவோமாயின், பறந்தவர் எழுதியதே வரலாறாக எஞ்சும்.